பின்சக்கரத்துக்கு டிஸ்க்

திருநெல்வேலி டவுண்

அன்புள்ள அத்தானுக்கு,

மதுமதி எழுதுகிறேன். நானும் அத்தையும் சௌகரியம். மஸ்கட்டில் வெயில் தணிந்ததா? போனில் கார் பேச்சை எடுத்தாலே "பிறகு பேசுதேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். கோபப்படாமல் கடைசிவரை படிக்க வேண்டும்.

காரை விற்கச் சொன்னீர்கள். நான் விற்கவில்லை. பேட்டையில் அஃப்சல் பட்டறைக்குக் கொண்டுபோய், பின்சக்கரத்து டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் போடச் சொன்னேன். உங்கள் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் ஒரு திருகுகூட மாறக்கூடாது என்பீர்கள். தெரிந்தேதான் செய்தேன்.

இடது டிரம்மைக் கழற்றியதும் அஃப்சல் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். உள்ளே பிரேக் ஆயில் ஊறிக் கறுத்துக் கிடந்தது. அதனால்தான் அன்று பாபநாசம் இறக்கத்தில் நாம் மோதியபோது பெடல் அடிவரை போயிருக்கிறது. "டிரம் மூடிக் கிடக்கும்க்கா, வெளிய ஒண்ணும் தெரியாது. அண்ணாச்சி என்ன செய்வாக? யாரு ஓட்டியிருந்தாலும் இதான்" என்றான். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் என் கட்டுப்போட்ட கையைப் பார்த்து நீங்கள் உங்களையே திட்டிக்கொண்டதெல்லாம் வீண்தானே, அத்தான்.

வேலை லேசில் முடியவில்லை. டிஸ்க் பொருந்தியது, ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை. வாசல் சரிவில் நிறுத்தினால் பைய உருண்டது. கேபிளைக் கழற்றிப் புதிதாகச் செய்து போட்டான். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி ஆயில் குழாயும் வைத்திருக்கிறான். ஒன்று போனாலும் மற்றது பிடிக்குமாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நான்தான் ஓட்டினேன். ஆமாம், அதே பாபநாசம் இறக்கம். அஃப்சல் பக்கத்தில் கதவை இறுகப் பிடித்துக்கொண்டு "பைய போங்கக்கா" என்று புலம்பிக்கொண்டே வந்தான். நாம் மோதிய வளைவுக்கு முன்னால் மிதித்தேன். இப்படி அப்படி இழுக்காமல் நேராக நின்றது. இறங்கிக் கீழே ஆற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கை வலிக்கவே இல்லை.

லீவு கிடைக்கவில்லை என்று அத்தையிடம் இன்னும் எத்தனை தடவை சொல்வீர்கள்? அவர்கள் நம்புகிறார்கள். நான் நம்பவில்லை.

புறப்பட்டு வாருங்கள். உங்களை ஓட்டச் சொல்லமாட்டேன். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நானே அந்தக் காரில் வருகிறேன். பெட்டி மட்டும் சின்னதாக இருக்கட்டும், டிக்கியில் இடம் கிடையாது.

நெல்லையப்பர் உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
மதுமதி