பசையெடுக்கும் தொட்டியில் உன் கார்

என் பிரியமான அண்ணனுக்கு, எங்கே இருந்தாலும் கொஞ்சம் உட்கார்ந்து கேள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் காரின் கூரை இறங்கிவிட்டது. நைனா அதைப் பட்டு வேகவைக்கும் தண்ணீரில் போட்டுவிட்டார். கத்தாதே, முழுக்கக் கேள்.

எந்தக் கார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். நான் எட்டாவது படிக்கும்போது பர்மா பஜாரிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வாங்கி வந்தாய். உள்ளே வெள்ளையாக எழுபது எண்பது பிளாஸ்டிக் துண்டுகள், பம்பருக்கு மட்டும் வெள்ளி முலாம். ஒவ்வொன்றாக வெட்டியெடுத்துப் பசை தடவி ஒட்டினால், பின்பக்கம் மீன்வால் வைத்த அமெரிக்கக் கார். பத்து நாள் உட்கார்ந்து ஒட்டினாய். பிறகு இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற சிவப்பு எனாமலை அதன் மேல் அப்பினாய். கோபப்படாதே, மோசமான வேலை. கதவுக் கோடே தெரியவில்லை. பெயின்ட் வழிந்து பம்பரில் சொட்டாக நின்றது. ஆனால் அதை யாரையும் தொடவிட மாட்டாய்.

நீ போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. தெருவில் இரண்டு வீட்டில் டிவி வந்துவிட்டது. நான் டிப்ளமா முடித்துக் களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் பாய்லர் பார்க்கிறேன். இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அலமாரியிலிருந்து கார் விழுந்து அச்சு முறிந்தது.

"திதிக்குப் படையல்ல உங்கண்ணன் காரை வைக்கணும்டா," என்றாள் அம்மா. "உடைஞ்சதை வச்சா புள்ள மனசு கஷ்டப்படும். சரி பண்ணிக் குடு."

சைக்கிள் ஸ்போக்கை வெட்டி அச்சாகப் போட்டேன். பம்பரில் முலாம் உரிந்த இடத்தில் ஜரிகை ஒட்டலாமே என்றாள் அம்மா. இது என்ன புடவையா என்று கேட்டேன். நான் மாறவில்லை, பார்த்தாயா?

பெயின்டை எடுப்பதுதான் சிக்கல். தின்னர் பட்டால் அந்தப் பிளாஸ்டிக் கரைந்து கூழாகிவிடும். பிரேக் ஆயிலில் ஊறவிட்டால் பெயின்ட் மட்டும் உரியும். மில்லுக்கு வரும் ஒரு லாரி டிரைவரிடம் கேட்டு வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் மில்லுக்குக் கிளம்பும்போது அம்மாவிடம், "கார்ல பெயின்ட்டு போகணும், நான் வந்து பாத்துக்கறேன். அவரைக் கை வைக்க வேணாம்னு சொல்லு," என்றேன்.

'அவர்' என்றால் நைனா. நானும் அவரும் நேராகப் பேசி மூன்று வருஷம் ஆகிறது. உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துவந்த அன்று, தெருவே கூடியிருக்க, அவரைக் கேட்டேன்: "முகூர்த்தப் பட்டு ஆர்டர் முடியட்டும், அப்புறம் பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப எல்லாம் முடிஞ்சிடுச்சி. போலாமா?" அதற்குப் பிறகு அவருக்கு நான் சொல்வதும் எனக்கு அவர் சொல்வதும் அம்மா வழியாகத்தான்.

அம்மாவுக்கு அன்று ரேஷன் கடைக்குப் போகிற அவசரம். பாதியைத்தான் சொன்னாள்: காரில் பெயின்ட் போக வேண்டுமாம். மேலே ஒட்டியிருப்பதை எடுக்க நைனாவுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. பட்டு நூலில் இருக்கும் பசையை, சோப்பும் சோடாவும் போட்ட சூட்டுத் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டுத்தானே சாயத்தில் போடுவார். உன் காரையும் கழியில் மாட்டி முக்கிவிட்டார்.

சாயங்காலம் ஆரணியில் பஸ் மாறி, பிரேக் ஆயில் பாட்டிலோடு சேவூர் வந்து இறங்கினேன். வாசலிலேயே அம்மா மறித்தாள். "பேஜார் பண்ணாதடா. உங்க நைனா பட்டறையில உக்காந்துகினு இருக்காரு. மதியம் சோறு துன்னல."

பட்டறைக்குள் போனேன். ஈரத் துணியின் மேல் கார். பெயின்ட் பாதி உரிந்திருந்தது. ஒரு பக்கத்து ஜன்னல் கம்பம் வளைந்து, யாரோ மேலே உட்கார்ந்து எழுந்ததுபோல் கூரை பள்ளமாகியிருந்தது.

"இதையுமா?" என்றேன். ஒரே வார்த்தைதான். மிச்சம் தொண்டையில் தயாராக நின்றது.

நைனா நிமிர்ந்து பார்த்தார். "சொல்லு. மூணு வருசமா அதத்தான் எதிர்பார்த்துகினு இருக்கேன். முழுசா சொல்லிடு."

சொல்லியிருப்பேன். என் வாய் உனக்குத் தெரியும். ஆனால் இன்னொரு தரம் அதைக் கேட்டால் இந்த மனிதர் எழுந்திருக்க மாட்டார் என்று பயமாக இருந்தது. வாயில் வந்தது வேறு.

"தண்ணி எவ்ளோ சூடு?"

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு, "கொதிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்ன. பட்டுக்கு அவ்ளோதான் வைப்பேன்," என்றார்.

"அதே சூடு இன்னொரு தடவ வேணும். இளகினதை அதுலயேதான் நிமுத்தணும்."

ஒரு மாமரத் துண்டை எடுத்து, கெடாத பாதிக் கூரையைப் பார்த்துப் பார்த்து, உள்ளே பொருந்தும்படி அரத்தால் ராவினேன். அவர் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். தண்ணீர் சூடேற ஒரு மணி நேரம் ஆனது.

முதல் முக்கில் சரியாக இளகவில்லை. அதற்குள் நான் கட்டையைக் கொடுத்து அழுத்தினேன். கம்பத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. முறியப்போகிற பிளாஸ்டிக் அப்படித்தான் வெளுக்கும். இன்னொரு தரம் அவசரப்பட்டால் கம்பம் கையோடு வந்துவிடும். கூடுதல் நேரம் விட்டால் மொத்தக் காரும் சுருண்டுவிடும்.

"இதான் கடைசி," என்றேன்.

கழியைப் பிடித்திருந்த நைனா என்னைப் பார்க்காமல் சொன்னார். "எப்ப எடுக்கணும்னு நீயே சொல்லு. நான் பாக்கற நேரம் சரியா வர்றதில்ல."

அண்ணா, கார் முங்கியதிலிருந்து மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டதும் எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. எட்டா, ஒன்பதா, தெரியவில்லை. ஜன்னல் விளிம்பு லேசாக அசைவதை மட்டும் பார்த்து, "எடுங்க நைனா," என்றேன். அவர் தூக்கினார். நான் கட்டையைக் கொடுத்தேன். கம்பத்தை வெறும் விரலால் நேராக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சுடும், உடுங்க."

"நான் புடிச்சிகினு இருக்கேன். நீ ஜல்தியா பச்சத் தண்ணி ஊத்து."

ஊற்றினேன். கம்பம் முறியவில்லை. கூரை நின்றுவிட்டது. ஒரு பக்கம் நூலளவு தாழ்வு இருக்கிறது. அதை இனி யாரும் தொட வேண்டாம்.

இப்போது, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நைனா ஆர்டரைப் பற்றிப் பேசியதற்கு நாலு நாள் முன்பு, நீ கிணற்றடியில் முகம் கழுவினாய். உன் கண் மஞ்சளாக இருந்ததை நான் பார்த்தேன். என்னண்ணா கண்ணு என்று கேட்டதற்கு, "சாயம் தெறிச்சிச்சிடா," என்றாய். சாயம் கண்ணுக்குள் அப்படிப் படியாது என்று சாயக்காரர் பிள்ளைக்குத் தெரியாதா? மறுநாள் எனக்குப் பரீட்சை. பஸ் ஏறிவிட்டேன். நான் நம்பிவிட்டேன் என்றா நினைத்தாய்? அன்று தெருவில் நைனாவைக் கேட்டேனே, அவரை மட்டுமா கேட்டேன்?

திதிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் இந்தக் கடிதத்தை நைனாவுக்கு எதிரே உட்கார்ந்து, கிணற்றடியையும் விடாமல், நானே படித்துக்காட்டுவேன். அம்மாவிடம் கொடுத்து அனுப்ப மாட்டேன். கேட்டுவிட்டு அவர் எழுந்து போனால் போகட்டும், அடித்தாலும் அடிக்கட்டும். அதற்குப் பிறகுதான் இதைப் பத்திரிகைக்குத் தபாலில் போடுவேன். இது அச்சில் வந்தால், அவரிடம் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள்.

உன் தம்பி,
நைனாவின் சின்ன மகன்,
சேகர்