ஒரே காய்ச்சல், இரண்டு ரத்தம்

1998 ஜூலை 9, வியாழன்
மங்களூர்க் கல்யாணத்துக்குப் போய் வந்து இரண்டு வாரம் ஆகிறது. எனக்கும் அவருக்கும் மலேரியாவாம். “ஒண்ணாப் போனோம், ஒண்ணாப் படுத்துக்கலாம்” என்று சிரித்தார். மட்டாஞ்சேரி முழுக்க மழை.

ஜூலை 11
எனக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. அவருக்கு நினைவு தப்பிவிட்டது. எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்குக் காரில் போகிறபோது, “ஏன்னா, கேக்கறதா?” என்றேன். கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

ஜூலை 12
குயினின் மாத்திரையால் காதெல்லாம் ரீங்காரம். தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. நர்ஸுகள் மிதந்து போகிறார்கள்.

மலேரியா ஆராய்ச்சி செய்கிற மலையாளி டாக்டர் மஞ்சுஷா எங்கள் இருவர் ரத்தத்தையும் கேட்டாள். கொடுத்தேன். “ஒரே ரூம்லதானே படுத்தோம்? அவருக்கு மட்டும் ஏன் இப்படி?”

“சேச்சி, கிருமி வந்தா ரத்தத்துல செல்லுகள் ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பும். அதுக்குன்னு புரதங்கள் உண்டு. சிலது ‘சண்டை போடு’ன்னு சொல்லும். சிலது ‘போதும்’னு சொல்லும். சண்டைச் சேதி கூடிப்போனா உடம்பையே கேடாக்கும். அதைத்தான் நோக்கறோம்.”

ஜூலை 13
இன்றும் நினைவு வரவில்லை.

ஜூலை 14
இத்தனை வருஷத்தில் என்னிடம் குரல் உயர்த்தாத மனுஷன். உள்ளே இவ்வளவு கூச்சலா?

பிற்பகல் அவர் கையைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். அவர் ரத்தக்குழாய்களெல்லாம் எங்கள் பஜாரின் சந்துகள் மாதிரி, சுக்கு வாசனையோடு, சிவப்பாக. கதவு கதவாகத் தட்டி, “போதும், போதும்” என்று சொல்லிக்கொண்டே போகிறேன்... விழித்தபோது அவர் விரல் அசைந்தது. நான்தான் அசைத்தேனோ?

ஜூலை 15
“பாக்யம், தண்ணி” என்றார். அய்யோ, என் பேரு இவ்வளவு நன்னாவா இருக்கு!

செப்டம்பர் 21
மஞ்சுஷாவைப் பார்த்தேன். டி.என்.எஃப். என்ற சண்டைச் சேதி என்னைவிட அவருக்குப் பல மடங்காம். ‘போதும்’ என்பது குறைவாம்.

“சேட்டனுக்கு ஏன் அப்படின்னு எங்களுக்கும் அறியாது, சேச்சி. இன்னும் நிறைய பேர் ரத்தம் நோக்கணும்.”

தெரியாது என்பதை அவள் மறைக்கவில்லை. பிடித்திருந்தது.

அக்டோபர் 5, திங்கள்
இன்று வேலைக்குப் போனார். நடையில் லேசான தள்ளாட்டம் இருக்கிறது. துணைக்கு வருகிறேன் என்றேன். “போட் ஜெட்டி வரைக்கும் போதும்டீ.” போட்டில் ஏறியதுமே பக்கத்து ஆளோடு ஏதோ பேச ஆரம்பித்துவிட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போட் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன்.