எனக்குக் கிடைத்த சலுகை

பிப்ரவரி 3, திங்கள்

இன்று என் சமையல் முறை. புளிக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல். பகலெல்லாம் லேபில் கான்கிரீட் கட்டிகளை நசுக்கிவிட்டு வந்த கையோடு அடுப்பைப் போட்டேன். அக்கவுண்டன்சி படிக்கிற கணக்குக்காரி குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் புரட்டித் தின்றாள். என் அறைத்தோழி சோடாபுட்டி வறுவலுக்குச் சண்டை போட்டாள். ரிசர்ச் அக்காதான் எங்களில் மூத்தவள், யுனிவர்சிட்டி இந்த வீட்டை அவள் பெயரில்தான் கொடுத்திருக்கிறது. "எனக்கு மாப்பிள்ளை பாக்கறதை விட்டுட்டு இவளை மாதிரி ஒரு ஆளைப் பாக்கச் சொல்லணும் எங்கம்மாகிட்ட" என்றாள்.

பிப்ரவரி 5, புதன்

அக்காவின் அம்மா வீடியோ காலில் வந்தார். போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஊர்வலம். என்னிடம் வந்ததும், "நீதான் நல்லா சமைக்கிற பொண்ணா? அப்பா என்ன பண்றார்?"

பஸ் கண்டக்டர் என்றேன்.

"அப்புறம் எப்படிம்மா இவ்வளவு தூரம்?"

அரசாங்க உதவித்தொகை என்றேன். எந்த உதவித்தொகை என்று கேட்டார். சொன்னேன். யாருக்குக் கொடுப்பது என்று அதன் பெயரிலேயே இருக்கிறது. மார்க் எடுத்து வாங்கியது, மறைக்க என்ன இருக்கு?

"ஓ... நல்லதும்மா. நல்லா படி."

போன் அக்காவிடம் போயிற்று. கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்.

பிப்ரவரி 8, சனி

அக்கா எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து வீட்டு வேலைகளை மாற்றிப் போட்டாள். எனக்குத் தேர்வு நெருங்குகிறதாம், பாவமாம். இனி நான் சமைக்க வேண்டாம். அவர்கள் மூவரும் சமைத்து எனக்கும் தட்டில் எடுத்துவைப்பார்கள்.

"நீ பாத்ரூமை மட்டும் பாத்துக்கோடா கண்ணு. வாரம் ஒரு தடவைதானே."

"குடுத்து வச்சவ" என்றாள் கணக்குக்காரி.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அம்மாவுக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன். அம்மா, "பாத்ரூம் கழுவத்தான் பிளேன் ஏறினியாடி?" என்றாள். உனக்கு எதிலதான் சந்தேகம் இல்ல என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

லேப் அறிக்கையை முன்கூட்டியே கொடுத்தேன். நேரம் கிடைக்கிறது. அம்மாவுக்குத்தான் புரியவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

சாயங்காலம் எல்லோருக்கும் டீ போட்டேன். சும்மாதான். அக்கா, "ஐயோ, இப்பத்தானே காபி குடிச்சேன்" என்றாள். கணக்குக்காரிக்கு வயிறு சரியில்லையாம். சோடாபுட்டி வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். பிறகு கப் காலி. சிங்கில் பழுப்பாக வழிந்திருந்தது.

கால் மணி கழித்து அக்கா டீ போட்டாள். மூன்று கப்.

மடச்சி. நான் ஒரு முழு மடச்சி. ஒரு வாரமா என் சாப்பாடு மட்டும் தனியா தட்டுல, மேல மூடி போட்டு — பாசம்னு நெனச்சேனே. நான் சட்டியில கரண்டி விடக் கூடாதுன்னு மூடி வச்சிருக்காங்க.

பிப்ரவரி 17, திங்கள்

பஸ் நிறுத்தத்தில் சோடாபுட்டியைக் கேட்டேன். "டீயை ஏன் கொட்டினே?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லடி. அக்கா என்ன நெனப்பாங்களோன்னு..."

"அக்கா என்ன நெனக்கிறாங்க?"

"அவங்களுக்கும் ஒண்ணும் இல்ல. அவங்க அம்மாதான் உன் கையால சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம்."

பஸ் வந்தது. அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால் போய்விட்டேன்.

ஒண்ணும் இல்லாத மூணு பேரும் சேர்ந்து என்னை அடுப்படியிலிருந்து கக்கூசுக்கு மாத்திட்டாங்க. திட்டாம, கத்தாம, கண்ணுன்னு கூப்பிட்டு.

பிப்ரவரி 19, புதன்

இரண்டு இடம் பார்த்தேன். ஒன்று போய்விட்டது, இன்னொன்று தேர்வு முடிந்த பிறகுதான் காலியாகும். பேசினால் அக்கா வெளியே போகச் சொல்லலாம். பேசாவிட்டால் அதுவரை அந்த மூடிபோட்ட தட்டில் தின்ன வேண்டும். இன்று தின்னவில்லை. ரொட்டி.

பிப்ரவரி 22, சனி

பேசிவிட்டேன்.

"அக்கா, திங்கட்கிழமை நான் சமைக்கிறேன். பாத்ரூம் இனி ஆளுக்கு ஒரு வாரம்."

"உனக்கு நல்லதுன்னுதானேடா பண்ணேன்..."

"நல்லது வேணாம்க்கா. முறை போதும்."

அக்கா முகம் சிவந்தது. "இவ்வளவு தூரம் வந்தும் எல்லாத்தையும் சாதியாவே பாத்தா எப்படி?"

"சாதின்னு நான் சொல்லவே இல்லையேக்கா."

கணக்குக்காரி போனை நோண்டினாள். சோடாபுட்டி தரையைப் பார்த்தாள்.

"பிடிக்கலைன்னா வேற எடம் பாத்துக்கோ" என்றாள் அக்கா.

"பாத்துக்கறேன். யுனிவர்சிட்டி வீட்டு வசதி ஆபீஸ்ல ஏன் மாறறேன்னு கேப்பாங்க. நடந்ததைத்தான் சொல்லுவேன்."

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 24, திங்கள்

சாம்பார் வைத்தேன். மூவருக்கும் திடீரென்று வெளியே வேலை. இரண்டு நாளைக்கு எனக்குச் சாம்பார் இருக்கிறது.

மார்ச் 1, சனி

நான் சொன்ன முறைப்படி போன வாரம் பாத்ரூம் அக்காவுடையது. கழுவவில்லை. கணக்குக்காரி மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு உள்ளே போகிறாள். யார் முதலில் பிரஷ்ஷை எடுப்பது என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனக்கும் குடலைப் பிடுங்குகிறது. தொடுவதாக இல்லை.

மார்ச் 3, திங்கள்

பினாயில் வாசனை. யாரும் இல்லாத நேரம் பார்த்து அக்காவே கழுவியிருக்கிறாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 5, புதன்

அக்காவின் புது அறிவிப்பு: இனி அவரவர் சமையல் அவரவருக்கு. "அதான் எல்லாருக்கும் வசதி."

நாலு பேர், நாலு குக்கர், இரண்டு பர்னர். விசில் அடங்கக் காத்து நிற்கிறார்கள். என் கையால் சாப்பிடாமல் இருப்பதற்காக மூவரும் தினமும் சமைக்கிறார்கள். சாதிக்கு மட்டும் சோம்பலே கிடையாது.

மார்ச் 13, வியாழன்

முதல் தேர்வு முடிந்தது. சுமாராக எழுதினேன். வந்து குழம்பு வைத்தேன். பக்கத்து பர்னரில் அக்கா குக்கர் வைத்துக்கொண்டிருந்தாள். சோடாபுட்டி வந்து நின்றாள்.

"பசிக்குதுடி. இன்னைக்கு ஒண்ணும் செய்யல. உன் குழம்புல கொஞ்சம் எடுத்துக்கவா?"

அக்கா திரும்பவில்லை. அவள் காதில் விழட்டும் என்றுதான் இவள் சத்தமாகக் கேட்டாளா, பசியா — தெரியாது. எனக்கு அழுகை முட்டியது. அதுதான் எரிச்சலாக இருந்தது. என் சோத்தைத் தின்னா எனக்கு உபகாரமா? நான் ஏன் அழணும்?

"எடுத்துக்கோ. நாளைக்கு நீ சமைக்கணும், எனக்கும் சேர்த்து."

"எனக்கு அவ்வளவா வராதுடி."

"வர்றது வரட்டும்."

கரண்டியை அவளே எடுத்தாள்.

மார்ச் 14, வெள்ளி

சோடாபுட்டி முறை. சோறு களியாகிவிட்டது, ரசத்தில் உப்பு தூக்கல். சொன்னேன். "வாயை மூடிட்டுத் தின்னு" என்றாள். தின்றேன்.

நாளை முதல் பாத்ரூம் என் வாரம்.