தாயத்தும் ஈயமும்

12-8-1963, திங்கள்

மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றி, கனத்த பக்கம் கீழே இறங்காதபடி எதிர்ப்பக்கக் கம்பியில் ஈயம் சுற்றிச் சமன் செய்வதற்குள் நேற்றுப் பொழுதே போய்விட்டது. இன்று கொடைரோடு போகும் வழியில் ஹேண்டில்பார் உதறிய உதறலில் புளியமரத்தில் மோத இருந்தேன். இறங்கிப் பார்த்தால், சக்கரக் கம்பியில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு செப்புத் தாயத்து. என் மனைவி பாத்திமாவின் வேலை.

வீட்டுக்கு வந்து கத்தினேன்.

"உங்க உசுருக்குத்தேன் கட்டுனேன்" என்றாள்.

"அந்த உசுருதேன் இன்னிக்குப் போகப் பாத்துச்சு."

"போகலைல்ல? அது யாரால?"

குறடு எடுத்துக்கொண்டு போனேன். அறுக்கக் கை வரவில்லை. எதிர்ப்பக்கம் இன்னும் கொஞ்சம் ஈயம் சுற்றிவிட்டு வந்தேன். நாளைக்கு வண்டி உதறாமல் போகும். அதுவும் தாயத்தின் வேலைதான் என்பாள்.