எதிர்ப்பு சக்திக் கஷாயம்

அண்ணா,

நேரில் உன்னிடம் குரல் எழும்பாது. அதனால் எழுதுகிறேன்.

கம்பெனி பஸ்ஸில் "இன்னா டாக்டரே, இன்னைக்கும் மாஸ்க்கா?" என்று யாரோ சிரித்தார்களாம். உடனே, மாஸ்க் போடவைக்கிற அந்த மாத்திரையையே நிறுத்திவிட்டு, எதிர்ப்பு சக்திக்குக் கஷாயம் குடிக்கிறாயாம். அண்ணி அழுதார்கள்.

கிருமியை அடிக்கும் அந்தச் சக்திக்கு, உனக்குள் இருப்பது அம்மா கொடுத்த கிட்னி என்று தெரியுமா? வேற்றாள் என்று அதையும் அடிக்கும். அதை அடக்கத்தான் மாத்திரை. நீ கஷாயம் ஊற்றி ஏவிவிடுகிறாய்!

காலையில் அம்மா தன் தழும்பைத் தடவிக்கொண்டே, "அவன் உடம்புல நல்லா ஒட்டிக்கிச்சு இல்ல?" என்றாள். தலையாட்டினேன். உனக்காக என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டாய்.

இன்றே ஆஸ்பத்திரிக்குப் போ. போகாவிட்டால் நாளை மாதனூரில் உன் பஸ்ஸில் நானே ஏறுவேன். அத்தனை பேர் முன்னாலும் எனக்குக் குரல் எழும்பும்.

உன் தங்கச்சி