எனக்குப் பதிலாக ஒருத்தி

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் காலர்தான். நாள் முழுக்கச் சட்டைக் காலர் தைத்தால் சாயங்காலம் கழுத்து இருக்கிற யாரையும் பார்க்கப் பிடிப்பதில்லை. ஊசி வேறு உடைந்தது. சூப்பர்வைசர் பார்த்த பார்வையில், ஊசியை மாற்றுவதா என்னை மாற்றுவதா என்று யோசிப்பதுபோல் இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிறென்றால் வீட்டுக்காரரும் பையனும் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து போன் செய்வார்கள். காலையிலிருந்தே சார்ஜில் போட்டுவிட்டு அதையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

பையனை வைத்துப் படம் எடுக்கப் போகிறார்களாம். அகதி முகாமில் செஸ் கற்றுக்கொண்டு அந்த ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஜெயித்தவன் என்று பேப்பரில் வந்ததே, அதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். பையனாக அவனே நடிப்பான். அப்பாவாக ஒரு நடிகர்.

"ஆள் என்னைவிட ஒரு முழம் உயரம். தலை நிறைய முடி. கண்ணாடியில பாத்துக்கவே வெக்கமா இருக்கு" என்றார் அவர்.

"அப்ப நான்?"

"உனக்கும் ஒரு நடிகை இருக்காங்க. ரெண்டு சீன்."

மூன்று வருடமாக வெறும் குரலாக இருக்கிறவளுக்கு இரண்டு சீன் அதிகம்தான்.

பையன் வந்தான். யானையைக் கொடுத்து ஒரு ஆட்டம் ஜெயித்தானாம். "ஏண்டா, யானை பெரிசாச்சே, அதையா கொடுப்பாங்க?" என்றேன். "அம்மா, உனக்குப் புரியாது, விடு." குரல் உடைய ஆரம்பித்திருக்கிறது. போகும்போது ஒன்பது வயது. என் இடுப்புக்கு மேலே கொஞ்சம் இருந்தான். இப்போது எதுவரை இருப்பான்?

மார்ச் 16, ஞாயிறு

அந்த டைரக்டர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டாராம். யூனியனில் இருந்ததற்காக அவரைப் போலீஸ் தேடி வந்தது, பையனைப் பிடித்து வைத்து அவரை வரவழைப்பார்களோ என்று பயந்து அவனையும் கூட்டிக்கொண்டு ஓடியது, படுத்த படுக்கையாக இருந்த என் அம்மாவுக்காக நான் மட்டும் தங்கியது. அம்மா அடுத்த மாதமே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குள் எல்லையையும் மூடிவிட்டார்கள். "கதைக்கு இது ரொம்ப பலம்" என்றாராம் டைரக்டர். யாருடைய வயிற்றெரிச்சல் யாருக்குப் பலம், பார்.

மார்ச் 19, புதன்

நானாக நடிக்கப் போகிறவள் கூப்பிட்டாள்.

நல்ல பெண். வாய் நிறைய 'அக்கா, அக்கா' என்கிறாள். "பையனை என்னன்னு கூப்பிடுவீங்க? எப்படித் தூங்க வைப்பீங்க? பஸ் கிளம்பும்போது என்ன பண்ணீங்க? எல்லாம் நிஜமா இருக்கணும்க்கா."

அவள் கேட்டுக்கொண்டே போனாள். நான் அவனைத் தொட்டு மூன்று வருடம் ஆகிறது. இவள் அடுத்த மாதம் அவனைத் தொடப் போகிறாள். அதையும் நானே சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

சரமாரியாகப் பொய் சொன்னேன். 'ராசா' என்று கூப்பிடுவேன் என்றேன். என் வாழ்நாளில் கூப்பிட்டதில்லை. மடியில் போட்டுத் தலையைக் கோதினால் தூங்கிவிடுவான் என்றேன். தலையில் கை வைத்தால் பற்றிக்கொண்டு வரும் அவனுக்கு. பஸ் ஸ்டாண்டில் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதேன் என்றேன்.

அங்கே நடந்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவர் அப்போது பஸ்ஸுக்குள் பைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், எதையும் பார்க்கவில்லை. இங்கேயும் அதை எழுதப் போவதில்லை. எல்லாத்தையும் தூக்கிக் கொடுத்துட்டா எனக்குன்னு என்னதான் மிச்சம்?

மார்ச் 20, வியாழன்

பக்கத்து மிஷின்காரியிடம் சொன்னேன், அவளும் சிரிப்பாள் என்று நினைத்து. அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அடிப்பாவி. அவ அதைத்தானே நடிப்பா? உன் புள்ள அதுக்குள்ளதானே நிப்பான்? சின்ன வயசுல பாத்தது எத்தனை நாளைக்கு நெனப்பிருக்கும்? நாளைக்கு அவனுக்கு அம்மான்னா அந்தப் படத்துல வர்றவதான் ஞாபகம் வரும்."

அதன் பிறகு நான் தைத்த காலர் அத்தனையும் கோணல்.

மார்ச் 21, வெள்ளி

நடிகையைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? நான் சொன்ன அந்த அம்மா நான் இல்ல, தப்பா சொல்லிட்டேன்னா?

ஏப்ரல் 27, ஞாயிறு

எங்கள் வீட்டு சீன் முடிந்துவிட்டது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"அச்சு அசல் நீதான். பஸ் ஸ்டாண்டுல அவங்க அழுத அழுகையில நான் எழுந்து வெளிய போயிட்டேன்."

இவர் ஒரு ஆள். பதினைந்து வருடம் குடும்பம் நடத்திய மனுஷன்! நான் நாலு பேருக்கு முன்னால் ஓவென்று அழுது எப்போதாவது பார்த்திருக்கிறாரா?

பையனிடம் கேட்டேன், சாதாரணமாகக் கேட்பதுபோல. நல்லா நடிச்சாங்க என்றான். "டைரக்டர் என்கிட்ட கேட்டாரும்மா, உங்க அம்மா இப்படித்தானான்னு. ஆமான்னுட்டேன்."

ஆமான்னுட்டானாம்.

அப்புறம் அவன் பேசிய எதுவும் காதில் ஏறவில்லை. ஒரு குதிரையைப் பற்றி என்னவோ சொன்னான்.

ஏப்ரல் 28, திங்கள்

மறந்துட்டான்.

ஜூன் 15, ஞாயிறு

என்னை அங்கே அழைத்துக்கொள்ளக் கொடுத்த மனு இன்னும் பரிசீலனையிலேயே இருக்கிறது. இன்றைக்கும் அதே பதில்தான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அவனுக்குப் பதின்மூன்று. தவணை முறையில் வளர்கிறான் எனக்கு, வாரத்துக்கு அரை மணி நேரம்.

துணிக்கடையில் ஒரு பையனின் தோளில் சட்டையை வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. அவன் நெளிந்தான். கடையை விட்டு வெளியே வந்தும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நவம்பர் 2, ஞாயிறு

படத்தை அனுப்பியிருந்தார். பக்கத்து மிஷின்காரி வீட்டு டிவியில் போட்டோம். என்னைவிட அவள்தான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பையன் நன்றாக நடித்திருக்கிறான். போட்டி ஹாலுக்கு வெளியே அப்பா கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே இருக்கிறார், உள்ளே இவன் கன்னத்தில் கை வைத்து யோசிக்கிறான். தோளெல்லாம் எலும்பு. சாப்பிடுகிறானா, இல்லையா?

பிறகு அவள் வருகிறாள். என் நீலச் சட்டையைப் போலவே ஒன்று போட்டிருக்கிறாள். 'ராசா' என்கிறாள். மடியில் போட்டுத் தலையைக் கோதுகிறாள், இவன் கண்ணை மூடிக்கொண்டு சுகமாகக் கிடக்கிறான். நெளியவில்லை. கையைத் தட்டிவிடவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவளைக் கட்டிக்கொண்டு 'அம்மா, அம்மா' என்கிறான்.

நானே வெட்டிய குழி. யார்கிட்ட போய் அழறது? அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. பாவம், சொன்னதை சொன்னபடி செஞ்சிருக்கா. ஆனா இவன்... இவன் ஏன் அப்படிப் படுத்துக் கெடக்கான்?

நவம்பர் 9, ஞாயிறு

இன்று கேட்டுவிடுவது என்று முடிவோடுதான் போனை எடுத்தேன். அவர் வேலைக்குப் போயிருந்தார், பையன் மட்டும்.

"படம் பாத்தேன். தலையைக் கோதுறாங்களே, உனக்கு ஒண்ணும் பண்ணலையா?"

"பண்ணலையாவா? பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். திரும்பத் திரும்ப எடுத்தாங்கம்மா, எனக்கு மண்டையெல்லாம் அரிப்பு."

"அப்புறம் ஏன்டா ஆமான்னு சொன்னே?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நீதான் அப்படிச் சொன்னேன்னு அவங்களே சொன்னாங்க. உனக்கு நிஜத்தைச் சொல்ல இஷ்டமில்லைன்னு தெரிஞ்சுபோச்சு. நீயே சொல்லாதப்ப நான் ஏன் சொல்லணும்? அது நம்மளுது."

கட்டிலில் உட்கார்ந்தேன்.

"எதுடா நம்மளுது?" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சும்மா கேக்காதம்மா. நீ அழவே இல்ல. ஜன்னலுக்கு வெளிய நின்னுக்கிட்டு, கண்ணை யாரு முதல்ல சிமிட்டுறாங்க பாக்கலாம்னே. பஸ் கிளம்புற வரைக்கும் ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருந்தோம். நீதான் சிமிட்டினே."

"இல்லவே இல்ல. புழுதி விழுந்துச்சு."

"புழுதியாவது ஒண்ணாவது. தோத்தா தோத்ததுதான்."

"டேய், பஸ் திரும்பினதுக்கு அப்புறம் உனக்கு எப்படிடா தெரியும்?"

"எட்டிப் பாத்தேன்."

எட்டிப் பார்த்திருக்கிறான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் அங்கே உட்கார்ந்துவிட்டதையும் பார்த்திருக்கிறான். ஒரு நாளும் சொன்னதில்லை. நான் மூக்கை உறிஞ்சியது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும், உடனே அந்த உடைந்த குரலில் பேட்டை ரவுடி மாதிரி மிரட்டினான்:

"தைரியம் இருந்தா நேர்ல வா, பாத்துக்கலாம்."

வர்றேன்டா என்றேன்.