வீடு வேறு, வூடு வேறு

கச்சிராயபாளையம்,
13 ஜூலை 2025

அன்புள்ள ஆண்டாளுக்கு,

செவ்வந்தி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்று உன் போட்டோக்களே சொல்கின்றன. ஆனாலும் ஜூலை மாதத்தில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

வாட்ஸப்பில் பத்து வரி எழுதினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால் மின்னஞ்சலில் கடிதமாகவே எழுதுகிறேன். இதற்கு நீ வாயைத் திறந்து பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. கல்வராயன் மலை அடிவாரத்தில் மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குச் சுவர் அகலத்தில் ஒரு திரை! இன்டர்நெட்டும் உண்டு, மலையிலிருந்து மேகம் இறங்காத வரைக்கும். பிள்ளைகள் சினிமா போடச் சொல்கிறார்கள். எனக்கு வேறு ஆசை. இன்னொரு நாட்டு வகுப்பறையை அந்தத் திரையில் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்றால் என் ஐந்தாம் வகுப்பு மொத்தமும் பெஞ்சுக்கு அடியில் போய்விடும். நீதான் பெர்த்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறாயே? உன் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச ஆள் கிடைக்கும். என் பிள்ளைகள் வெளிநாடு பார்ப்பார்கள்.

லீவு நாளில் பள்ளிக்கு யார் வருவார்கள் என்று தலைமையாசிரியர் கேட்டார். பிள்ளைகளிடம் சொன்னேன். இந்தச் சனிக்கிழமையே வந்து கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தார்களாம்.

சீக்கிரம் எழுது. கட்டைவிரல் கூடாது.

உன் பழைய ஹாஸ்டல் தோழி,
செவ்வந்தி


பெர்த்,
27 ஜூலை 2025

அன்புச் செவ்வந்தி,

நேற்று நம் முதல் கூட்டு வகுப்பு முடிந்து வந்தவள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

என் பிள்ளைகளைப் பற்றி உனக்குத் தெரியாது. "வணக்கம் டீச்சர்" என்பார்கள். அதற்குப் பிறகு இங்கிலீஷ்தான். அபிநயா என்று ஒன்பது வயதுப் பெண் இருக்கிறாள், அவள் அந்த வணக்கத்தைக்கூடத் தலையாட்டித்தான் சொல்வாள். தமிழில் தப்பு வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். வகுப்புக்கு வந்து ஒரு வருஷமாகிறது, வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை.

உன் சுபஸ்ரீ திரைக்குக் கிட்டே வந்து, "இன்னா சாப்ட்ட?" என்று கேட்டாளே, அப்போது அபிநயாதான் எழுந்தாள். நம்பவே முடியவில்லை. "இன்னான்னா என்ன?" என்று கேட்டாள். "இன்னான்னா இன்னாதான்!" என்றாள் உன் பெண். இரண்டு நாட்டு வகுப்பும் சேர்ந்து சிரித்ததில் யார் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை.

அந்தச் சிரிப்பில் அபிநயாவின் பயம் போய்விட்டது. வகுப்பு முடியும்வரை பேசினாள், செவ்வந்தி. தப்பும் தவறுமாகப் பேசினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வகுப்பு நடக்கிற ஹால் எங்கள் தமிழ்ச் சங்கம் கொடுத்தது. தலைவர் தெய்வசிகாமணி ஐயாவிடம் சொன்னேன். "நற்பணி, தொடருங்கள்" என்றார். அவர் டீ கேட்டால்கூடத் தூய தமிழில்தான் கேட்பார்.

அன்புடன்,
ஆண்டாள்


கச்சிராயபாளையம்,
11 ஆகஸ்ட் 2025

அடி ஆண்டாள்,

சனிக்கிழமை வந்தால் எனக்குப் பெரிய ரகளை. சுபஸ்ரீ வீட்டு மாடு கன்று போட்டதும், "அபிநயாவுக்குக் காட்டணும் டீச்சர்" என்று என் போனை வாங்கிக்கொண்டு ஓடினாள். நீயும் பார்த்தாய்தானே? "எங்க வூட்டாண்ட வந்து பாரு, இது எய்ந்து நிக்கப் பாத்துக்கினு கீது" என்று அவள் சொல்ல, உங்கள் பக்கம் பதினோரு பிள்ளைகளும் கன்றுக்குட்டி எழுந்து நிற்கிற வரை மூச்சு விடவில்லை. அவள் அம்மா கூலி வேலைக்குப் போய்விட்டு வந்து, மாட்டுக் கொட்டகையில் இத்தனை வெளிநாட்டுப் பிள்ளைகளா என்று போனைப் பார்த்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. நீ திரையில் செய்தி வாசிப்பதுபோல் பேசுவதைக் கேட்டு எங்கள் பிள்ளைகள் உனக்கு "நியூஸ் டீச்சர்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்டார்கள். மணலூர்பேட்டை, இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம் என்றேன். ஒருவனும் நம்பவில்லை. "சும்மா சொல்லாதீங்க டீச்சர், நம்ம ஊருக்காரங்க இப்பிடியா பேசுவாங்க?" என்கிறார்கள். ஹாஸ்டலில் கடைசி தோசைக்கு நீ போட்ட சத்தம் எனக்கல்லவா தெரியும்!

அன்புடன்,
செவ்வந்தி


பெர்த்,
24 ஆகஸ்ட் 2025

அன்புச் செவ்வந்தி,

இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தடவை அழித்துவிட்டேன்.

சங்கத்தில் கட்டுரைப் போட்டி. தலைப்பு "எங்கள் வீடு". அபிநயா ஒரு முழுப் பக்கம் எழுதினாள். தலைப்பையே "எங்கள் வூடு" என்று மாற்றிவிட்டாள். "வூடு இல்லம்மா, வீடு" என்றேன். அவள் என்னைத் திருத்தினாள். "இல்ல டீச்சர், ரெண்டும் வேற வேற. வீடு புக்ல இருக்கும், படம் மாதிரி. வூடு சுபஸ்ரீக்கு இருக்கு. அதுல மாடு இருக்கும், சத்தம் இருக்கும்" என்றாள். நிஜமாகவே இரண்டும் வெவ்வேறு பொருள் என்று நினைத்திருக்கிறாள்.

அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்: "எங்களுக்குப் பெரிய வீடு இருக்கிறது. அதில் சமையல் ரூம் மட்டும் வூடு. அங்கேதான் அம்மாவும் அப்பாவும் சத்தமாக சிரித்து பேசுவார்கள். மற்ற ரூம் எல்லாம் வீடு."

நடுவர்கள் ஒவ்வொரு "வூ"வையும் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பிவிட்டார்கள். அதோடு பெற்றோர் சிலர் தலைவரிடம் போய், "நல்ல தமிழ் கற்கத்தான் அனுப்புகிறோம், இன்னா, வூடு என்று கொச்சையாகப் பேசிக்கொண்டு வருகிறார்கள்" என்று புகார் செய்துவிட்டார்கள். செப்டம்பர் ஆறாம் தேதி தெய்வசிகாமணி ஐயா வகுப்பில் வந்து உட்காரப் போகிறார். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் நம் சனிக்கிழமை அன்றோடு முடிந்தது.

அதனால் ஒரு வேண்டுகோள். அன்று ஒரு நாள் மட்டும் உன் பிள்ளைகளைப் புத்தகத் தமிழில் பேசச் சொல்வாயா?

சங்கடத்துடன்,
ஆண்டாள்


கச்சிராயபாளையம்,
27 ஆகஸ்ட் 2025

பெருமதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் மடல் கிடைக்கப்பெற்றேன். எம் மாணாக்கர் பேசும் மொழி தங்கள் சங்கத்துச் செவிகளுக்கு ஊறு விளைவித்தமை அறிந்து வருந்துகிறேன். தாங்கள் பணித்தவாறே அவர்கட்குச் செந்தமிழ்ப் பயிற்சி அளிக்கப்படும். கன்றுக்குட்டியும் இனி இலக்கணப் பிழையின்றிக் கத்தும் என உறுதியளிக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
திருமதி ச. செவ்வந்தி, இடைநிலை ஆசிரியை


பெர்த்,
28 ஆகஸ்ட் 2025

செவ்வந்தி,

நீ நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அம்மையீர்" தாங்கவில்லை.

எனக்கு மட்டும் ஆசையா? இங்கே வந்த புதிதில் நான் "இன்னாங்க" என்றதற்கு ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள். மறுநாளிலிருந்து நான் நியூஸ் டீச்சர். அபிநயாவைப் பார்த்து அப்படி யாரும் சிரித்துவிடக் கூடாது என்றுதான் கேட்டேன். அவள் மறுபடியும் வாயை மூடிக்கொண்டால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

சனிக்கிழமை நிற்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

ஆண்டாள்


கச்சிராயபாளையம்,
6 செப்டம்பர் 2025

ஆண்டாளுக்கு,

கோபமாகத்தான் எழுதினேன். உன்னைப் பார்த்துச் சிரித்த அம்மாளின் அட்ரஸ் இருந்தால் அனுப்பு, அவளுக்கும் ஒரு மடல் எழுதுகிறேன்.

ஆனால் இன்று நடந்ததை எண்ணினால் அழுகையாக வருகிறது. வாரம் முழுக்க ஒத்திகை பார்த்தோம். எல்லோரும் தலைக்கு எண்ணெய் வைத்து வந்து கைகட்டி நின்றார்கள். சுபஸ்ரீ, "வணக்கம். தாங்கள் நலமாக இருக்கிறீர்களா? எங்கள் இல்லத்தில்..." என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டாள். அவள் வீட்டுக்கு அந்தப் பெயர் அவளுக்கே பழக்கமில்லை. உங்கள் பக்கத்தில் அபிநயா தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். உருப்போட்டதை ஒப்பிப்பதுபோல் பேசினால் எந்தப் பிள்ளைக்குத்தான் பதில் சொல்ல வரும்?

அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து மேகம் இறங்கிவிட்டது. படம் விட்டு விட்டு வந்தது. எங்கள் பிள்ளைகள் ஒத்திகையை எல்லாம் மறந்து, "கேக்குதா? அங்க கேக்குதா?" என்று கத்தினார்கள். அவ்வளவுதான், திரை உறைந்து போச்சு. கடைசியாக நின்ற படம் உங்கள் தலைவர்தான். டை கட்டிக்கொண்டு, முகம் திரை முழுக்க, வாயை அகலமாகத் திறந்தபடி. "டீச்சர், அவரு நம்மள திட்றாரு" என்றாள் சுபஸ்ரீ. நெட் திரும்ப வரவே இல்லை. அந்தத் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

நீயும் போனை எடுக்கவில்லை. முடிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். பரவாயில்லை, நன்றாகத்தான் இருந்தது.

செவ்வந்தி


பெர்த்,
7 செப்டம்பர் 2025

என் செவ்வந்திக்கு,

அவர் திட்டவில்லை. முதலில் அதை சுபஸ்ரீயிடம் சொல். போனை ஹாலிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன், ஏன் மறந்தேன் என்று கேள்.

உங்கள் படம் எங்களுக்கும் விட்டு விட்டுத்தான் வந்தது. குரல் பாதிதான் கேட்டது. தெய்வசிகாமணி ஐயா பின்வரிசையில் கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் "கேக்குதா?" என்று கத்த ஆரம்பித்ததும் எழுந்தார். லேப்டாப் அருகே வந்தார். குனிந்தார். என்ன நினைத்தாரோ, ஹாலே அதிருகிற மாதிரி கத்தினார்:

"இன்னாது? ஒண்ணும் கேக்கல கண்ணு! சத்தம் கம்மியா கீது, ஜாஸ்தியா வெய்யி!"

நீங்கள் பார்த்த திறந்த வாய் அதுதான்.

புகார் கொடுத்த பெற்றோரும் அங்கேதான் இருந்தார்கள். ஐயா குனிந்தவர் நிமிரவே இல்லை. அபிநயாதான் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினாள்: "டீச்சர், அங்கிளுக்கும் வூடு இருக்கு!"

முதலில் ஒரு அப்பா சிரித்தார். பிறகு எல்லோரும். அபிநயாவின் அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். ஐயா முகமெல்லாம் சிவந்துபோய் அந்தச் சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார்ந்தார். "சின்னசேலம்," என்றார், உங்களுக்குப் பக்கத்து ஊர்தான். "ஸ்டேஷனுக்குப் பின்னாடி." பிறகு, "எங்கம்மா போன வருசம் இருந்தவரைக்கும் போன்ல இப்படித்தான் பேசிக்கினு இருந்தேன். அதுக்கப்புறம் இத பேச ஆளே இல்ல" என்றார். என்னிடமிருந்த அபிநயாவின் கட்டுரையைக் கேட்டு வாங்கி, கையிலிருந்த பேனாவால் தலைப்புக்கு மேல் கையெழுத்துப் போட்டு, சங்கத்தின் ஆண்டு மலரில் ஒரு எழுத்தும் மாற்றாமல் அச்சாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவரும் வருகிறார். கன்றுக்குட்டியைப் பார்க்க வேண்டுமாம். ஒத்திகை, எண்ணெய்த் தலை, கைகட்டு எதுவும் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல். மேகத்திடம் மட்டும் கொஞ்சம் பேசி வை.

கடைசியாக ஒன்று. எல்லோரும் கிளம்புகிற நேரத்தில் அபிநயா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், உங்களுக்கு இருக்கிறது வீடா, வூடா?" என்று கேட்டாள். வாசலில் நின்ற பெற்றோர் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்று என்னைப் பார்த்துச் சிரித்த அம்மாளும் அவர்களுக்குள் இருந்தாள். ஆனாலும் குரல் நன்றாகவே வந்தது, செவ்வந்தி. கடைசி தோசைக்குப் போட்ட அதே குரல்.

"வூடுதான் கண்ணு," என்றேன். "மணலூர்பேட்டையில, ஆத்தாண்ட."

இப்படிக்கு,
மணலூர்பேட்டை ஆண்டாள்